யார் கையும் படாத திருகாணி

டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ரிவால்வரின் கைப்பிடியை ஒற்றைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தபடி, எல்வுட் சமையலறை ஜன்னலோரம் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?" என்று அடுப்பருகிலிருந்து கேட்டாள் அவர் மனைவி மிரியம்.

எல்வுட் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "இருட்டுத் தெரியுது."

"அதுக்கு டார்ச் எதுக்கு?"

வருஷக்கணக்கில் சுருங்கியதில், கைப்பிடியின் மரப்பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடுக்கு ஒன்று விழுந்திருந்தது. அதில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"பட்டை வாசனை அடிக்குது, மிரியம்."

"அடுப்புல பட்டை போட்டு ஆப்பிள் வேகுது. உன் சட்டையிலகூட அந்த வாசனைதான் அடிக்கும்."

"இல்ல, இது பழைய வாசனை. அந்தக் காலத்துல துப்பாக்கிக்குப் போடற கொழுப்புல பட்டைத்தூள் கலந்திருக்கணும். இதுவரைக்கும் யாரும் இதைக் கண்டுபிடிக்கல."

"குடு இப்படி. துடைச்சு அது இருந்த எடத்துலயே வைக்கறேன்." மிரியம் தன் நீலக் கட்டம் போட்ட அப்ரனில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

எல்வுட் ரிவால்வரை மார்போடு அணைத்துக்கொண்டார். "துடைக்கறதா? இதுல இருக்கறது நூறு வருஷத்து அழுக்கு. அதுக்கே தனி மதிப்பு."

"நம்பர் சரியாத்தான் இருக்கும். எதுக்கு இப்படிக் கிடந்து தவிக்கற?"

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் எல்வுட். மிரியம் ஆப்பிளைக் கிளறப் போய்விட்டாள்.

அவர் தவிப்புக்குக் காரணம் முந்தின நாள் நடந்த சங்கக் கூட்டம். பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் பழைய ரிவால்வர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கம் அது. எல்வுட் அதில் கைப்பிடி நடுவர். வேலையில் இருந்த காலத்தில், முறுக்கு மாதிரி வளைத்துச் சுடும் பிரெட்சல் ரொட்டித் தொழிற்சாலையில் வளைவு சரியில்லாத பிரெட்சல்களைப் பொறுக்கி எறிந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதே கண்ணைக் கைப்பிடிகள் பக்கம் திருப்பிவிட்டார்.

பழைய ரிவால்வரில் முதலில் மாறிப்போவது கைப்பிடிதான். மரம் உடையும், யானைத் தந்தம் விரியும், பார்க்க நன்றாக இருந்தால் எவனாவது கழற்றி வேறொன்றில் மாட்டுவான். ஆனால் ஆல்ட்வின் கம்பெனிக்காரர்கள், கம்பெனி இருந்த காலத்தில், ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தார்கள். சட்டத்தில் அடித்த அதே நம்பரை மரப்பலகையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுவார்கள். பலகையைக் கழற்றி, இரண்டு நம்பரும் ஒத்திருந்தால் பிறந்தபோது இருந்த கைப்பிடி. இல்லையென்றால் ஒட்டுப்போட்டது. அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு மஞ்சள் அட்டை மாட்டிவிடுவார்கள். மஞ்சள் அட்டை விழுந்தவர் ஒரு வருஷத்துக்குக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவார்.

எல்வுட் எத்தனையோ பேருக்கு மஞ்சள் அட்டை மாட்டியவர். முந்தின நாள் கூட்டத்தில் சொந்த மச்சான், மிரியத்தின் தம்பி கிளேட்டனுக்கே மாட்டினார். கிளேட்டன் ஆசை ஆசையாக வாங்கிவந்த சிப்பிக் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்து, "இது உன் துப்பாக்கியோட பொறக்கல" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கிளேட்டன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "மச்சான், ஊர்ல எல்லார் துப்பாக்கியையும் கழட்டிப் பார்த்துட்டீங்க. உங்க ஆல்ட்வினை எப்பக் கழட்டப்போறீங்க?"

எல்வுட் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னார். "என் ஸ்க்ரூல எவன் கையும் பட்டதில்லை."

பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த ஒற்றைத் திருகாணியின் பள்ளத்தில் சின்னக் கீறல்கூடக் கிடையாது. பொதுவாக யாராவது ஒருவர், என்றைக்காவது ஒருநாள், கைக்குக் கிடைத்த திருப்புளியைப் போட்டு அதைச் சிதைத்திருப்பார். கீறாத திருகாணி என்றால் திறக்காத கைப்பிடி. வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போயிருக்கிறார்கள்.

"திறக்கல, அதனால ஒரிஜினல்னு சொல்றீங்க. ஒரிஜினலான்னு பார்க்கணும்னா திறக்கணும். திறந்தா ஸ்க்ரூ போயிடும்னு திறக்க மாட்டேங்கறீங்க. இப்படியே போனா அதுக்குள்ள ஒரு குருவிக்கூடு இருந்தாலும் நமக்குத் தெரியாதே மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக வாக்கெடுப்பும் நடந்துவிட்டது. சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும் வருஷாந்திரக் கண்காட்சியில், எல்லார் முன்னாலும், நடுவர் தன் துப்பாக்கியைத் திறக்க வேண்டும். நம்பர் தப்பென்றால் மஞ்சள் அட்டை அவருக்கு, நடுவர் நாற்காலி கிளேட்டனுக்கு.

நாற்காலி போவதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷமாக ஊரை ஏமாற்றினான் என்று சொல்வார்களே என்பதுதான் எல்வுட்டை அரித்தது. அதைவிட அதிகமாக அரித்தது இன்னொன்று. உள்ளே என்னதான் இருக்கிறது என்று அவருக்கே தெரியவேண்டியிருந்தது. திறக்காமல் வைத்திருந்தவரை வராத ஆசை, திறக்கச் சொன்னவுடன் நமைச்சலாக வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ரிவால்வரைத் துணியில் சுற்றி, மிரியத்தின் கேக் டப்பாவுக்குள் வைத்து, எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"கேக் டப்பா எங்க போகுது?" என்றாள் மிரியம்.

"எக்ஸ்ரே எடுக்க."

"துப்பாக்கிக்கா?"

"பலகையைத் தாண்டி உள்ள தெரியும்ல?"

மிரியத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது. "வேண்டாம் எல்வுட். அதை வச்சுட்டுப் போ. நீ போயிட்டு வரதுக்குள்ள நான் துடைச்சு வைக்கறேன்."

எதைக் கொண்டு போவது, எதை வைத்துவிட்டுப் போவது என்றே இவளுக்குத் தெரியவில்லை என்று எல்வுட் நினைத்தார். காரில் பாதி வழி போனபிறகுதான் இன்னொன்றும் தோன்றியது. இவள் ஏன் நேற்றிலிருந்து துப்பாக்கியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்? கிளேட்டன் அவளுடைய தம்பி. அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டார்களோ? கேக் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

டாக்டர் ஃபேயின் ஆஸ்பத்திரி மாடுகளுக்கும் நாய்களுக்குமானது. மனுஷ ஆஸ்பத்திரிக்குத் துப்பாக்கியோடு போனால் வேறு மாதிரி ஆகிவிடும் என்ற அளவுக்கு எல்வுட்டுக்கு நிதானம் இருந்தது. வரவேற்பு மேசையில் ஐடா ரெபர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் சங்கத் தலைவர் ஹெர்ப், தன் நாயை மடியில் போட்டுக்கொண்டு கவலையாக இருந்தார். நாய் ஒரு காலுறையை விழுங்கிவிட்டிருந்தது.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று ஐடா கேக் டப்பாவைப் பார்த்தாள்.

ஹெர்ப் காதில் விழக்கூடாதே என்று எல்வுட் குனிந்து சொன்னார். "ஒரு பழைய ஆள்."

"பேரு?"

"ஆல்ட்வின்."

"வயசு?"

"நூத்து முப்பதுக்கு மேல."

ஐடா எழுதுவதை நிறுத்தினாள். "ஆமையா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

டாக்டர் ஃபே டப்பாவைத் திறந்து பார்த்தார். பிரசவமாகாத பசுவையும் ஊசி விழுங்கிய பூனையையும் பார்த்த கண்ணுக்கு ரிவால்வர் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. குண்டு இல்லையே என்று மட்டும் கேட்டுவிட்டு, அதை மேசையில் படுக்கவைத்துப் படம் எடுத்தார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"பென்சில் எழுத்தெல்லாம் எக்ஸ்ரேல விழாது எல்வுட். முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எல்வுட்டின் தோள் சரிந்தது.

"ஆனா உங்க ஆமை என்னமோ முழுங்கியிருக்கு," என்றார் டாக்டர்.

இரும்பெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. கைப்பிடியின் நடுவே வில்கம்பி ஒரு வெள்ளைக் கோடாக இறங்கியது. அந்தக் கோட்டுக்குப் பின்னாலிருந்து, மேகத்துக்கு வெளியே நிலா எட்டிப் பார்க்கிற மாதிரி, சின்னதாக ஒரு வட்டம். நடுவில் ஓட்டை. மிச்சம் ஏதாவது இருந்தால் அதைக் கம்பி மறைத்திருந்தது.

எல்வுட் பார்த்தார். பிறகு அருகில் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். "வளையம்," என்றார்.

"மோதிரம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஐடா கதவருகே நின்றிருந்தாள். "அது எங்க பெர்த்தா அத்தையோட கல்யாண மோதிரம்."

"எது?"

"கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமப் போச்சு. அவங்க அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் புடிக்கல. அவர்தான் ஒளிச்சு வச்சாருன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் சந்தேகம். எங்கன்னுதான் தெரியாம இருந்துது. அத்தை கடைசிவரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல. எங்க வீட்டு ஏலத்துல நீங்க துப்பாக்கியைத்தானே எடுத்தீங்க? மோதிரத்தை எடுக்கலயே?"

பெர்த்தா அத்தையின் கல்யாணம் நின்றதில் எல்வுட்டுக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் மனசு வேறு கணக்குப் போட்டது. மோதிரத்தை யாரோ உள்ளே வைத்தார்கள் என்றால், யாரோ திறந்திருக்கிறார்கள். யாரோ திறந்திருந்தால், திருகாணி தொடாத திருகாணி இல்லை. சனிக்கிழமை வரைக்கும் போக வேண்டாம், இங்கேயே எல்லாம் முடிந்தது.

"அது மோதிரம் இல்ல," என்றார். வாய் முந்திக்கொண்டது. "கம்பெனியே வச்ச வளையம். சுடும்போது கை அதிராம இருக்க வைப்பாங்க. ரொம்ப அபூர்வம். நல்ல துப்பாக்கியில மட்டும்தான் இருக்கும்."

"அப்படியா?" என்றார் டாக்டர் ஃபே.

"அப்படியா?" என்றார் இன்னொருவர். மடியில் நாயோடு ஹெர்ப் ஐடாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருடைய முகத்தில் எல்வுட்டுக்குப் பழக்கமான ஓர் ஆசை பரவிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் அவர் நாயை ஐடாவின் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்வுட் வழக்கம்போல் தட்டைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து வீட்டிலுள்ள இனிப்பெல்லாம் மூலை அலமாரிக்குள் பூட்டுப்போட்டு இருந்தது. தினம் ஒரு துண்டு ஃபட்ஜ், விரல் அகலத்துக்கு, மிரியம் கையால் கிடைக்கும். சாவியை அவள் எங்கே வைக்கிறாள் என்று அவர் தேடாத இடமில்லை. மாவு டின், பியானோ வயிறு, சுவர்க் கடிகாரம், அவளுடைய குளிர்காலப் பூட்ஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊரான் துப்பாக்கிக்குள் ஒளிந்திருக்கும் நம்பரைக் கண்டுபிடிக்கிறவருக்குத் தன் வீட்டுச் சாவி கிடைக்கவில்லை.

"ஃபட்ஜ் எங்க?"

"இன்னிக்கு இல்ல."

"ஏன்?"

"இல்லைன்னா இல்ல."

தம்பிக்கு மஞ்சள் அட்டை மாட்டியதற்குத் தண்டனை என்று எல்வுட் முடிவு செய்துகொண்டார். கேக் டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார். காலையில் எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அவர் டாக்டர் ஃபேயின் ஆஸ்பத்திரி வழியாகப் போகும்படி ஆயிற்று. வாசலில் கார்கள் சாலைவரை நின்றன. உள்ளே பெஞ்சுகளில் நாய்களுக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவே சங்கத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் ரொட்டிப் பெட்டி. ஒருவர் மடியில் குழந்தைக் கம்பளி. எல்லோரும் கூரையைப் பார்த்தபடி, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல இருந்தார்கள். வாசலில் ஐடா ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தாள்: ஆமைகள் பார்க்கப்படாது.

வீடு திரும்பியதும் தொலைபேசி அடித்தது. ஹெர்ப்.

"எல்வுட், என் ஆல்ட்வின் மூணுலயும் வளையம் இல்லய்யா."

"எப்படித் தெரியும்?"

"கழட்டிப் பார்த்துட்டேன்."

எல்வுட் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஸ்க்ரூ?"

"ஸ்க்ரூ போச்சு," என்றார் ஹெர்ப். "அது கிடக்கட்டும். வளையம் இருந்திருக்கு, எவனோ எடுத்துட்டான்னுதான் தோணுது. எனக்கு வித்தவன் மேல எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு."

ஹெர்ப் மட்டுமில்லை. மத்தியானத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் திருகாணிகள் கதறின. வளையம் இல்லாதவர்கள் தங்களுக்கு விற்றவர்களைச் சந்தேகப்பட்டார்கள். விற்றவர்கள் தங்களுக்கு விற்றவர்களைச் சந்தேகப்பட்டார்கள். சாயங்காலம் எல்வுட் கதவுக் கீலுக்கு எண்ணெய் வாங்க இரும்புக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் குழாய் ஒழுகுதா எல்வுட்? பித்தளை வாஷர் ஒண்ணுகூட மிச்சமில்ல."

எல்வுட் எண்ணெய் வாங்காமலே திரும்பி நடந்தார். நாளைக்கு எல்லார் துப்பாக்கியிலும் அபூர்வமான கம்பெனி வளையம் இருக்கப்போகிறது. ஒன்றுமில்லாததைக் கிளப்பிவிட்டது தான்தான். கிளேட்டனுக்குத் தெரிந்தால் இந்த ஊரில் தலை காட்ட முடியாது. ஒரே வழிதான் இருந்தது. உள்ளே இருப்பது நிஜமாகவே கம்பெனி வைத்ததாக இருக்க வேண்டும்.

வீட்டில் மிரியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குக் கூடத்துல இனிப்பு மேசை என் பொறுப்பு. அந்தத் துப்பாக்கியை ஒரு பத்து நிமிஷம் கீழ வைப்பியா மாட்டியா?"

"இனிப்பு மேசைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ குளிச்சு ரெண்டு நாள் ஆச்சு. அதுதான் சம்பந்தம்."

எல்வுட் குளிக்கப் போனார். கேக் டப்பாவும் கூடவே போனது. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, டப்பாவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, தொட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"மோதிரமாம், வளையமாம்," என்று கதவுக்கு வெளியே மிரியம் முணுமுணுப்பது கேட்டது. "ஊருக்கே பைத்தியம் பிடிச்சிருக்கு."

சனிக்கிழமை தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். பச்சைத் துணி விரித்து ரிவால்வர்களை வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் திருகாணியிலும் பளபளவென்று புதுக் கீறல். யாரும் யாருடையதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. உள்ளே சமையலறையில் பெண்கள் கோழியும் சோளமும் போட்ட சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இனிப்பு மேசையில் மட்டும் வெறும் விரிப்பு கிடந்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் ஐடா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கிளேட்டன், மடியில் மஞ்சள் அட்டை ஒன்றுடன். அதில் எல்வுட்டின் பெயர் எழுதித் தயாராக இருந்தது.

"ஆரம்பிக்கலாமா மச்சான்?"

எல்வுட் ஆல்ட்வினை எடுத்து விரிப்பின் மேல் வைத்தார். ஹெர்ப் தன் திருப்புளியை நீட்டினார். பள்ளத்துக்கு அது தடிமன். கிளேட்டனுடையது அதைவிடத் தடிமன். வேறு இருவருடையதையும் வைத்துப் பார்த்தார், எதுவும் உட்காரவில்லை. கூட்டம் பொறுமையிழந்தது.

சமையலறைத் திறப்பு வழியாக ஒரு கை நீண்டது. மிரியம். அவள் கையில் தையல் மெஷின் கூட வரும் சின்னத் திருப்புளி இருந்தது. "இது சரியா இருக்கும்," என்றாள்.

எல்வுட் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, திருகினார். நூறு வருஷம் திரும்பாத திருகாணி முரண்டு பிடிக்கும், முனகும், உடைந்தாலும் உடையும் என்று நினைத்திருந்தார். அது நேற்று மாட்டியதுபோல் சுலபமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"பார்த்தீங்களா," என்றார். "அந்தக் காலத்து வேலைப்பாடு."

பலகையை நெம்பாமல், விளிம்பில் விரல் வைத்து மெல்லத் தள்ளி எடுத்தார். திருப்பினார். மரத்தின் உள்பக்கத்தில், மங்கலான பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: 4417. சட்டத்தில் இருந்ததும் அதே நம்பர்.

முதலில் கைதட்டியவர் ஹெர்ப். பிறகு எல்லோரும். கிளேட்டன் மஞ்சள் அட்டையை இரண்டாகக் கிழித்தார். தொப்பியைக் கழற்றினார். "மச்சான், நான் சொன்னதெல்லாம் வாபஸ்."

"மோதிரம்," என்றாள் ஐடா.

எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். வில்கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே, ஆடாமல் அசையாமல், சின்னத் துணிப்பொட்டலம் ஒன்று செருகியிருந்தது. எல்வுட் சாமணத்தால் அதை வெளியே எடுத்தார். ஹெர்ப் துணியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட நூல்துணி.

"இந்த நெசவு இப்ப கிடையாது," என்றார் ஹெர்ப். "நூறு வருஷமாவது இருக்கும். துணியைப் பார்த்தா எனக்குத் தெரியும்."

துணியைப் பிரித்தார்கள். வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குக் கீழே ஒரு தண்டு தெரிந்தது. தண்டின் நுனியில் இரண்டு பல். அது சின்னப் பித்தளைச் சாவி.

ஹெர்ப் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மோதிரம் இல்ல," என்றாள் ஐடா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க கொள்ளுத்தாத்தா பெட்டிச் சாவி," என்றாள்.

"கம்பெனிச் சாவி," என்றார் எல்வுட். இந்த முறை அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. "நம்பர் சரி. ஸ்க்ரூ சரி. கம்பெனியை விட்டு வெளிய வந்த நாள்லேருந்து இதை ஒரு மனுஷன் தொட்டதில்ல. தொடாத ஸ்க்ரூவுக்குப் பின்னால கம்பெனிக்காரனைத் தவிர வேற யாரு சாவி வைக்க முடியும்? இதால எந்தப் பூட்டு திறக்கும்னு கண்டுபிடிக்கறதுதான் இனிமே என் வேலை."

பின்வரிசையில் ஒரு சலசலப்பு. வாஷர் போட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவி செய்கிறவர் கடை சனிக்கிழமை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று யாரோ கிசுகிசுப்பாகக் கேட்டார்.

ஹெர்ப் முதல் பரிசுக்கான நீல ரிப்பனை எடுத்து எல்வுட்டின் சட்டையில் குத்தினார். தன் மனைவியின் காதணிப் பெட்டியை வாங்கிவரச் சொல்லி, பஞ்சு வைத்து, சாவியை அதில் படுக்கவைத்தார். "இது நம்ம சங்கத்துல இருக்கவேண்டிய பொருள் இல்ல. திங்கட்கிழமை நானே தலைநகரத்து மியூசியத்துக்குக் கொண்டுபோறேன். கண்ணாடிக்குள்ள வைப்பாங்க. கீழ உன் பேரைப் போடச் சொல்றேன், எல்வுட்."

எல்வுட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. சமையலறைக் கதவு திறந்தது. மிரியம் கரண்டியோடு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேசைக்கு வந்து, கரண்டியை வைத்துவிட்டு, அப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்ரனின் கீழ்மூலையில் சதுரமாக ஒரு துண்டு வெட்டியிருந்தது.

"மியூசியம் அப்புறம் போகட்டும் ஹெர்ப்," என்று உள்ளங்கையை நீட்டினாள். "மூலை அலமாரிக்கு இது ஒரே சாவி, இனிப்பெல்லாம் அதுக்குள்ள கிடக்கு, எங்க வீட்டுல எல்வுட் திறந்து பார்க்கவே மாட்டான்னு நம்பி நான் தினம் வச்சு எடுத்த ஒரே எடமும் இன்னியோட போச்சு."